28 நாள் தொடக்கூடாத பணம்

பெண்ணைக் கடல் கடந்து படிக்க அனுப்பப் போகிறீர்களா? அப்படியானால் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நகையை அடகு வைத்த கதையல்ல. அது எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு பாஸ்புக்கை 28 நாள் தொடாமல் வைத்திருக்க முடியாமல் போன கதை!

எங்கள் ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில், மின்சார ரயில் நிற்கிற சின்ன ஊர். என் கணவருக்குப் பூர்வீகம் பழவேற்காடு. கொழுந்தனார் இன்னமும் அங்கே ஏரியில்தான் வலை போடுகிறார். மூத்தவள் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் பட்டம் வாங்கினாள். மேற்கொண்டு படிக்க ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. "மீன் வளர்க்கவா அவ்வளவு தூரம்?" என்றார் மாமியார். நியாயமான கேள்விதான்.

பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. முதல் வருடக் கட்டணத்தில் பாக்கியும், அதிகபட்சம் 9 மாதத்துக்கான சாப்பாடு, வாடகைச் செலவும் சேர்ந்த தொகை, பாங்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தக் கணக்கு முடிந்த 31 நாளுக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். நகையும் நிலமும் இதில் சேராது. மாணவியின் பெயரில் பாங்க் கல்விக் கடன் கொடுத்தால் அந்தக் கடிதமே போதும், 28 நாள் கணக்கு கிடையாது. ஆனால் 7½ லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பத்திரமோ இன்னும் மாமனார் பெயரில்!

ஆகவே நகை, சீட்டு, கைமாற்று எல்லாம் சேர்த்து என் கணக்கில் போட்டோம். பெற்றோர் பணம் என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழில் என் இனிஷியல் கணவருடையது. பாஸ்புக்கில் என் அப்பாவுடையது. அதைத் திருத்தவே பாங்குக்கு நாலு நடை. சகோதரிகளே, இதை முதலில் பாருங்கள்!

19-ஆம் நாள் சாயங்காலம் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்த மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினைந்தாயிரம் குறைந்திருந்தது.

"யாரைக் கேட்டுங்க எடுத்தீங்க?"

"தம்பிக்கு வலை வாங்கணும்மா. ரெண்டு நாள்ல போட்டுடுவான். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஸ்டேட்மெண்ட்டிலே தெரியும்ப்பா" என்றாள் மகள்.

கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்குப் 'பாடு' என்று முறை வைத்திருக்கிறார்கள். தன் முறை வரும் நாளில் வலை கிழிந்து கிடந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கொழுந்தனார் சொன்னபடி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எங்கள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து!

அப்போது ஜூலை, செப்டம்பரில் வகுப்பு. விண்ணப்பித்த பிறகு முடிவு வரவே பொதுவாக மூன்று வாரம். ஒரு ஏஜெண்ட், "தேதியை மாத்தி ஸ்டேட்மெண்ட் வாங்கித் தர்றேன்" என்றார். பொய்க் காகிதம் கொடுத்து மாட்டினால் 10 வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது என்று மகள் படித்துக் காட்டினாள். நல்லவேளை!

இரண்டாம் முறை எச்சரிக்கையாகவே இருந்தோம். விண்ணப்பம் போடும் அன்றைய பவுண்டு விலைக்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதால், என் கை வளையல் இரண்டையும் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டோம். ஏ.டி.எம். கார்டு அரிசி டிரம்முக்குள் போயிற்று. கொழுந்தனார் தினமும் போன் பண்ணுவார்: "அண்ணி, இன்னிக்கு எத்தனாவது நாள்?"

விசா வந்தபோது வகுப்புக்கு ஆறு நாள்தான் இருந்தது. தகவல் கேட்டதும் அவர் ஒரு கூடை இறாலோடு வந்து நின்றார். என்னிடம் பேசத் தயங்கி, கூடையை மகளிடம் கொடுத்தார். உரித்துத் தொக்கு செய்தேன். முதல் கரண்டியை அவர் தட்டில்தான் போட்டேன்.