கதையிற் பிறந்த கதை

நெல்லைச் சீமையின் வடபகுதியிலே, கரிசற் காட்டின் மேற்கு விளிம்பில் அமைந்த பழம்பதி சங்கரன்கோவில். 2019ஆம் ஆண்டு முதல் அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆடித் திங்களில் அங்கு நடைபெறும் தபசுத் திருவிழாவிற்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களினின்றும் மக்கள் திரண்டு வருவர். சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவர் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்கிட்டதையும், கோமதியம்மை தவமிருந்ததையும், இறைவன் ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாகத் தோன்றியதையும் பாட்டிமார் பேரக் குழந்தைகட்குச் சொல்வர். கதை ஒன்றே; சொல்லும் முறையோ வேறு. ஒருத்தி நாகங்களின் வாய்ச்சண்டையை நீட்டி முழக்குவாள். மற்றொருத்தி அம்மையின் தவத்திலேயே நெஞ்சுருகி நின்றுவிடுவாள். பின்னவள் முன்னவளிடம் கேட்டே கற்றிருப்பினும், அவள் சொல்லும் கதையை இரவல் என்று எவரும் இகழ்வதில்லை.

அச்சில் வெளிவரும் சிறுகதைக்கு வந்தபொழுது இந்நிலை மாறிற்று. பிறர் கதையைப் படித்து அதனாற் கிளர்ச்சி பெற்று எழுதுவது கற்றலா, களவா என்ற வினா தமிழ்ச் சிறுகதை தோன்றிய நாளிலிருந்தே அதனைத் தொடர்ந்து வந்துள்ளது.

வ. வே. சு. ஐயர் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915ஆம் ஆண்டில் ‘விவேகபோதினி’ இதழில் வெளிவந்தது. தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி எனப் பலராலும் போற்றப்படுவது அக்கதை. அதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் ஆற்றுப் படித்துறையொன்று தானே பேசுவதாக ஒரு கதை எழுதியிருந்தார். படித்துறை கண்ட பெண் குசுமம். அரசமரம் கண்ட பெண் ருக்மிணி. இருவர் வாழ்வும் நீரிலே முடிகின்றன. ஐயர் தாகூரின் கதையால் தூண்டப்பெற்றார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ருக்மிணியின் துயரம் தமிழகத்தில் விளைந்த துயரம். 1906ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பல குடும்பங்களின் செல்வம் ஒரே நாளில் அழிந்தது. ருக்மிணியின் தந்தையும் அவ்வாறே பொருளிழக்கிறார். அதன்பின் புகுந்த வீட்டார் மனம் திரிந்து, மகனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். பேசும் உத்தி வங்கத்தினின்று வந்தது. பேச்சின் பொருளோ இம்மண்ணில் முளைத்தது.

இவ்வினாவில் மிகக் கடுமையாக நின்றவர் புதுமைப்பித்தன். பிறமொழிக் கதையை மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பென்றே சொல்ல வேண்டும். ஊரையும் பேரையும் மாற்றித் தழுவி எழுதுவது தகாது என்பது அவர் கட்சி. அவருடைய தொடக்கக் காலக் கதைகளிற் சில பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியது ஒரு வேடிக்கை. ஆயினும் அவர் வகுத்த கோடு பிழையன்று. கதையை எடுத்துக்கொள்வது வேறு; கதை காணும் கண்ணைப் பெறுவது வேறு.

அவ்வாறு கண் பெற்றவர் ஒருவரைச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே காணலாம். அங்கிருந்து கழுகுமலை வழியே சென்றால் கோவில்பட்டி. அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் இடைசெவல் என்னும் சிற்றூர். அவ்வூரில் 1923ஆம் ஆண்டில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. அரசு அலுவலை உதறிவிட்டுச் சென்னை சென்று இதழ்ப்பணி மேற்கொண்டவர். கார்க்கியின் நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கியவர். உருசிய எழுத்தாளருள் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் அந்தோன் செகாவ். பனி பெய்யும் நாட்டு மருத்துவர் எழுதிய கதைகள், மழைக்கு ஏங்கும் கரிசற் காட்டு இளைஞரை ஆட்கொண்டன.

செகாவ் 1886ஆம் ஆண்டில் எழுதிய கதையொன்றில், மாஸ்கோவில் செருப்புத் தைப்பவனிடம் வேலை பழகும் ஒன்பது வயதுச் சிறுவன் வான்கா, தான் படும் துன்பத்தையெல்லாம் தாத்தாவுக்குக் கடிதமாக எழுதுகிறான். ஊரின் பெயரைக் குறிக்காமல் ‘சிற்றூரிலுள்ள தாத்தாவுக்கு’ என்று முகவரியிட்டுத் தபாற்பெட்டியிற் போட்டுவிட்டு, நம்பிக்கையோடு உறங்குகிறான். அக்கடிதம் போய்ச் சேராது என்று ஆசிரியர் ஓரிடத்தும் சொல்லவில்லை. சொல்லாமையாலேயே படிப்பவர் நெஞ்சு கனக்கிறது.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ முற்றிலும் வேறான கதை. குழந்தைகளிடம் அன்புடைய ஒருவர் புத்தாண்டுக்கு அவர்களுட் சிலருக்கு டைரி வழங்குகிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை; குறை கூறவுமில்லை. பின்னொரு நாள் அவரைத் தன் வீட்டிற்கு வருந்தி அழைத்துச் சென்று, சிற்றுண்டி தந்து உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த டைரியை எடுத்து நீட்டுகிறான்; தனக்கு அவர் அன்பளிப்பாகத் தந்ததாக அதில் எழுதித் தருமாறு கேட்கிறான். அவர் எழுதுகிறார். கதை அவ்விடத்தே நின்றுவிடுகிறது. வான்கா கதையின் ஒரு நிகழ்ச்சியும் இதில் இல்லை. சிறு பிள்ளையின் உள்ளத்தைப் பெரிய செய்தியாக மதிப்பதும், ஆசிரியர் தாம் அழாமல் படிப்பவரை எண்ணவைப்பதுமே இரண்டிற்கும் பொதுவானவை.

அழகிரிசாமியின் உயிர்த்தோழர் கி. ராஜநாராயணன் அதே இடைசெவலிற் பிறந்தவர். அவர் உள்ளத்தை வளர்த்த கதைகளிற் பல அச்சேறாதவை; களத்துமேட்டிலும் திண்ணையிலும் சம்சாரிகள் வாயினின்று பிறந்தவை. பிற்காலத்தில் அவற்றை ஊரூராகத் திரட்டிப் பதிப்பிக்கவும் செய்தார். அவருடைய ‘கதவு’ என்னும் கதையில் ஏழைக் குழந்தைகள் வீட்டுக் கதவின்மீதேறிப் பயணம் போவதாக விளையாடுகின்றனர். தீர்வைப் பாக்கிக்காக அக்கதவு பெயர்த்தெடுத்துச் செல்லப்படுகிறது. அவ்வீட்டின் துயரை, வீட்டுவாசலில் நின்று பேசும் அண்டை வீட்டுக்காரர் குரலிலே அவர் சொல்லிச் செல்கிறார்.

செகாவில் தோய்ந்த அழகிரிசாமியும் தம் மண்ணின் சொல்லை மறந்தவரல்லர். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் தோன்றி, இருபத்தாறாம் வயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை அவர் ஆராய்ந்து பதிப்பித்தார். 1970ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் காலமானார். அவ்வாண்டிற்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு ‘அன்பளிப்பு’ என்னும் கதைத் தொகுதிக்கு வழங்கப்பெற்றபொழுது, அதனைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.