வெள்ளி ஃபில்டரும் செப்டிக் டேங்கும்

குடிநீர் ஃபில்டர், கேண்டில் விற்கும் நம் சங்க உறுப்பினர்களிடம் வாடிக்கையாளர்கள் ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். "இதில் வெள்ளி பூசியிருக்கிறதாமே, அது கிருமியைக் கொல்லுமாமே, அப்படியானால் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளும் செத்துப்போகாதா?" என்பது அந்தச் சந்தேகம். இந்தப் பயத்தை வைத்தே மாதாமாதம் 'பாக்டீரியா பவுடர்' தள்ளிவிடப் பார்க்கும் ஏஜெண்டுகளும் உண்டு. ஆகவே விவரம் தெரிந்து பதில் சொல்வது நல்லது.

இங்கே சில்வர் என்பது எவர்சில்வர் அல்ல, அசல் வெள்ளி. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் நீரில் கலந்து நிற்பதைக் கூழ்ம வெள்ளி என்கிறார்கள். ஃபில்டருக்குள் கிருமி வளராதிருக்க இதைப் பூசுகிறார்கள். 2009-ல் வந்த டாடா ஸ்வச் ஃபில்டரில் உமிச் சாம்பலில் வெள்ளி ஏற்றியிருந்தார்கள்.

நம் வழக்கப்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளிதான் இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 (2012) தரம். அந்த உச்ச அளவே இறங்கினாலும் 20 லிட்டருக்கு 2 மில்லிகிராம். தினம் 200 லிட்டர் டேங்குக்குப் போகும் வீட்டில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைந்துவிடும்.

அதுவும் வெள்ளியாக நிலைப்பதில்லை. வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுத்துப்போகிறதல்லவா? காற்றிலுள்ள கந்தக வாயு செய்யும் வேலை அது. செப்டிக் டேங்கில் வீசும் அழுகிய முட்டை நாற்றமும் கந்தக வாயுதான். வெள்ளி அதனுடன் சேர்ந்து, நீரில் கரையாத கறுப்புப் பொருளாகி அடிச்சகதியில் படிந்துவிடும். அதன்பின் கிருமிகளை வாட்டும் வீரியம் அதற்கு அநேகமாக இல்லை.

டேங்கைக் கெடுப்பது நாம் விற்கும் வேறு சரக்குகள்தான். பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் இவற்றை வாளிக் கணக்கில் கொட்டினால் நல்ல கிருமிகள் சாகும். நானும் மொத்தத்தில் விற்பவன்தான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். முக்கியமாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

ஒழுங்காக இயங்கும் டேங்குக்குப் பவுடர் தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்துச் சகதியை எடுத்தால் போதும். பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடைக்கட்டிடம் வைத்திருக்கும் நமக்கும் அது பொருந்தும்.