வலி போயிற்று, சூத்தை போகவில்லை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தேநீர்க் கடைகளில் விடியுமுன்னரே கூட்டம் சேர்ந்துவிடும். இரவெல்லாம் கடலில் நின்று கரையேறியவர்களும், துறைமுக வேலைக்குப் புறப்படுபவர்களும் சீனி தாராளமாக இட்ட தேநீரை ஆறுதலாக அருந்திக்கொண்டிருப்பர். அத்தகைய கடையொன்றில், எமது அயலவரான கடற்றொழிலாளி ஒருவர் கன்னத்தைத் தடவியபடி அமர்ந்திருக்கக் கண்டோம்.

"ரெண்டு கிழமையாக் கொடுப்புப் பல் குத்திச்சுது தம்பி. கராம்புத் தைலம் வைச்சன், நிண்டுட்டுது. இனி டாக்குத்தரிட்டை ஏன் போவான்?" என்றார் அவர்.

இப்படி எண்ணுபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். நம்மிற் பலர் பற்சூத்தையைச் சிறுவர்க்கே உரிய நோயென்று கருதுகிறோம். வலி நின்றால் நோயும் நின்றதென மகிழ்கிறோம். இரண்டும் தவறு.

பல்லை அரிப்பது பூச்சி அன்று. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியையும் மாவுப் பண்டங்களையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது. இதனைப் பெர்லின் நகரில் ஆராய்ந்த அமெரிக்கப் பல் வைத்தியர் வில்லோபி மில்லர் 1890 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வெளியிட்டார். இனிப்பு வாயிற்பட்ட சில நிமிடங்களில் அமிலம் மிகுகின்றது. உமிழ்நீர் அதனைத் தணிக்க அரைமணி நேரமாவது வேண்டும். ஆகவே, ஒரே வேளையில் உண்ணும் இனிப்பைவிட, நாள்முழுதும் இடைக்கிடை அருந்தும் சீனித் தேநீர் பல்லுக்குப் பெருந்தீங்கு செய்கின்றது. வயது ஏற ஏற முரசு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளிப்படுவதால், முதியோர்க்கு வேரிலும் சூத்தை விழுகின்றது.

எனாமல் என்னும் மேலோட்டுக்கு உணர்ச்சி இல்லை. அதனால் தொடக்கத்தில் வலிப்பதும் இல்லை. சூத்தை அடுத்த படைக்குள் இறங்கும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். பல்லின் நடுவேயுள்ள நரம்பை எட்டும்போதுதான் உறக்கத்தைக் கெடுக்கும் குத்து உண்டாகின்றது. பின்னர் அது தானாகவே நின்றால், பெரும்பாலும் நரம்பு இறந்துவிட்டதென்பதே பொருள். நோயோ வேரின் அடிக்குச் சென்று சீழ் கட்டுகின்றது.

காலத்தோடு சென்றால் வைத்தியம் எளிது. பல் வைத்தியர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பழுதடைந்த பகுதியை நீக்கி, குழியைப் பல்லின் நிறமுடைய பொருளால் அடைத்துவிடுவார். நரம்பு கெட்டிருப்பினும் வேர்க்குழாயைத் துப்புரவு செய்து அடைத்து, மேலே உறையிட்டுப் பல்லைக் காக்க வழியுண்டு. பிடுங்குவது கடைசி வழியே. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அயற்பற்கள் சாய்ந்துவிடக்கூடும். எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இலவசமாகவே பல்லைக் காட்டலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் இடர்ப்பட்டாலோ ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது.

வரும் முன் காப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையால் காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும் பல் துலக்குதல், சீனியைக் குறைத்தல், வலி இல்லாதபோதும் இடைக்கிடை பல்லைக் காட்டுதல் ஆகிய மூன்றுமே போதும்.

எமது அயலவரின் கன்னம் இரண்டு மாதத்தின் பின் வீங்கிற்று. "குத்தின நேரம் வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம், ஐயா," என்றாராம் வைத்தியர். பல் போயிற்று. மறுவாரம் தமது மனைவியை அவரே பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அம்மையாருக்கு அன்று வலி ஏதும் இருக்கவில்லை. ஆனால் சிறு சூத்தை இரண்டு இருந்தன. இரண்டும் அடைபட்டன.