பூதம் உண்டு, கறுத்த முகம்?

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட 'தி விட்சர் 3' வீடியோ கேமில் காட்டை ஆளும் கொம்புத்தலைப் பூதம் வரும். உச்சிவெயிலில் வயலில் சுழன்றாடும் பேய் வரும். கூலிக்கு அவற்றைக் கொல்பவன் வெள்ளை முடி கெரால்ட். அவன் குதிரையேறிப் போகும் ஊர்களில் எதிர்ப்படும் மனிதர்களோ ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்.

விமர்சகர்கள் இதைக் கேட்டார்கள். இது இடைக்கால ஸ்லாவிய உலகம், அங்கே கறுப்பர் ஏது என்றார்கள் ரசிகர்கள்.

பதிலில் பாதி நியாயம் உண்டு. மூலக்கதையை ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986இல் வெளியிடத் தொடங்கினார். இங்கிலாந்துச் சாயல் கோட்டைகளே மலிந்த கற்பனை உலகங்களுக்கு நடுவே கிழக்கு ஐரோப்பியப் பாட்டிகள் சொன்ன பேய்க்கதை திரைக்கு வந்ததே அரிது. அதை அமெரிக்க அளவுகோலால் அளப்பதா என்று போலந்துக்காரர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை.

இடிப்பது வரலாறுதான். ஜெர்மனியில், எல்பே நதிக்கரையிலுள்ள மாக்டெபர்க் பேராலயத்தில் புனித மொரீஷியஸின் கற்சிலை நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியது. இரும்பு வளையக் கவசம் தலையை மூடி முகத்தை மட்டும் விட்டிருக்கிறது. அகன்ற மூக்கும் தடித்த உதடுமாக, கறுப்பு வண்ணம் தீட்டிய ஆப்பிரிக்க முகம். சிற்பி யாரையோ நேரில் பார்த்திருப்பான் என்றே தோன்றும். போலந்து ஒரே இனத்தவரின் நாடானதும் அண்மையில்தான். 1939க்கு முன் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர், உக்ரைனியர், பெலாருசியர், ஜெர்மானியர் எனச் சிறுபான்மையினர். நாஜிப் படுகொலையும், போருக்குப் பின் நகர்ந்த எல்லைகளும் அதை மாற்றின.

அந்த நினைவு கேமுக்குள்ளேயே இருக்கிறது. நோவிக்ராட் நகரில் மந்திரவாதிகளைக் கம்பத்தில் கட்டி எரித்து முடித்ததும், வெறி எல்ஃப்கள் பக்கமும் குள்ளர்கள் பக்கமும் திரும்புகிறது. காது கூராக இருப்பதே குற்றம்! இனவெறியை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டத் தெரிந்தவர்களுக்குத் தோலின் நிறம் மட்டும் கண்ணில் படாமல் போனது விந்தைதான்.

2015 அக்டோபரில் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' என்ற கூடுதல் பகுதியில் ஒஃபீர் என்னும் தூரதேசத்தார் வந்தார்கள். சாக்கடைக்குள் கெரால்ட் வெட்டிச் சாய்க்கும் பெருந்தவளை, சாபம் பெற்ற ஒஃபீர் இளவரசன். மற்றவர்கள் வணிகர், காவலர் என வந்துபோகிறவர்கள். ஊரில் யாருக்கும் வீடுவாசல் இல்லை.

1403ஆம் ஆண்டின் பொஹீமியாவில், பூதமே இல்லாமல் நடக்கும் செக் நாட்டு 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கேம் 2018இல் இதே கேள்வியைச் சந்தித்தது. 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாலி நாட்டிலிருந்து வந்த மூசா என்ற படித்த மனிதர் சிகிஸ்முண்ட் மன்னரின் பாசறையில் இருக்கிறார். இம்முறை, கறுப்பர் ஏது என்று கேட்ட தரப்பு சண்டைக்கு வந்தது.