உள்தையல் ஆறும் காலம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் தொடங்கும் நேரம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் பெண்களிடையே தமிழும் கேட்கிறது. சிசேரியனுக்குப் பிறகு எப்போது உடற்பயிற்சி செய்யலாம் என்ற கேள்வி இவர்களுக்கு வேறு மாதிரி எழுகிறது: எப்போது குடம் தூக்கலாம்? எப்போது மிஷினில் எட்டு மணி நேரம் குனிந்து உட்காரலாம்?

வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜிம்மில் தூக்கும் பத்து கிலோவும் பத்து கிலோதான், தண்ணீர்க் குடமும் பத்து கிலோதான்.

கேள்வி சிலருடையது மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்நாடகப் பிரசவங்களில் 31.5 சதவீதமும் தமிழகத்தில் 44.9 சதவீதமும் சிசேரியன்.

இந்த அறுவையில் வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரு பக்கமும் விலக்குகிறார்கள். வெட்டுப்படுவது தோலும், தசையைப் போர்த்திய கெட்டியான உறையும், கர்ப்பப்பையும். தோல் சில வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஏமாற்றுவது அதுதான். பாரத்தைத் தாங்கும் உறையோ ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். பெருமளவு தேற ஆறேழு மாதமாகும்.

'பச்சை உடம்பு' என்று நாற்பது நாள் பாயோடு வைத்த பாட்டிகளின் கணக்கு பாதி சரி. கனம் தூக்காதே என்றது சரி. அசையாதே என்றது தவறு. படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம். அதனால்தான் மறுநாளே எழுப்பி நடக்கவிடுகிறார்கள்.

முதல் வாரங்களில் ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமினால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்வது நல்லது. முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கலாம். குழாய் எடுத்த பிறகு, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தலாம் (சிறுநீர் கழிக்கும்போது அல்ல). ஐந்து நிமிட நடை, பிறகு பத்து. ஆறு வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. அதன்பின் மருத்துவர் பார்த்துச் சொன்னால் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஓட்டமும் குதிப்பும் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். மல்லாந்து படுத்து விறைப்பாக எழும் பயிற்சிக்கும் அவசரமில்லை.

தும்மினால் சிறுநீர் கசிவது, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு, எழும்போது நடுவயிறு முகடாகப் புடைப்பது: இவை பிள்ளை பெற்றவளுக்குச் சகஜம் என்று விடக்கூடியவை அல்ல, பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. காய்ச்சல், தையலில் சீழ், அதிக உதிரப்போக்கு, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஏறத்தாழ அந்த உறை தேறும் காலம். ஆனால் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தால் பின்னால் மிஞ்சுவது 18. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்கு இன்னும் 12 வாரம்தான். முன்பே ஆறு வாரம் போயிருந்தால், உறை பாதி பலத்தோடு இருக்கும்போதே மிஷினுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.