பூனையைத் துரத்துமுன்

தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் பூனை வேடிக்கைக்காக வளர்க்கப்படுவதன்று; எலியை அண்டவிடாத காவலாள். இரவில் அது குழந்தையின் பாயிலேயே சுருண்டு கொள்கிறது. விடியலில் குழந்தை அடுக்கடுக்காகத் தும்மினாலும், மூச்சு இழுத்தாலும், பழி முதலில் விழுவது பூனையின் மீதுதான். சாக்கில் கட்டி எடுத்துச் சென்று தொலைவில் விட்டு விடுகின்றனர். ஒரு வாரம் கழிந்தும் இழுப்பு நிற்காவிடில், பூனை காரணமன்று என்று தீர்மானிக்கின்றனர். முதல் தீர்ப்பைப் போலவே இரண்டாவதும் அவசரத் தீர்ப்பே.

ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் முடியன்று. அதன் தோல் சுரப்பிகளிலும் உமிழ்நீரிலும் உள்ள ‘ஃபெல் டி 1’ என்ற புரதமே முதன்மையான காரணம். பூனை உடலை நக்கும்போது அது முடியில் படிந்து, உலர்ந்து, நுண்துகளோடு காற்றில் கலந்து மணிக்கணக்கில் மிதக்கிறது. பாயிலும் தலையணையிலும் படிந்தது, பூனை அகன்ற பின்னும் பல மாதங்கள் நீடிக்கும். ஒரு வாரச் சோதனையால் பயனில்லை என்பது இதனால்தான். குட்டை முடி கொண்ட பூனையாலும் நாயாலும் ஒவ்வாமை வராது என்ற விற்பனையாளர் பேச்சையும் நம்பலாகாது.

பின் எவ்வாறு கண்டறிவது? நோயாளியின் வரலாறே முதற் சான்று. ஊருக்குச் சென்றிருக்கையில் தும்மல் நின்றதா? பூனையைத் தூக்கிய சில நிமிடங்களில் கண் அரிக்கிறதா? அடுத்தது தோல் குத்துச் சோதனை. முன்கையில் ஒவ்வாப் பொருளின் துளியை இட்டு, ஊசி முனையால் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் எழும் தடிப்பை அளப்பர். ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள் முன்னரே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் முடிவு பிழையாகும். இரத்தத்தில் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளை அளக்கும் முறையும் உண்டு. தடிப்பு எழுந்த மாத்திரத்தில் நோய் உறுதியாகிவிடாது. வரலாறும் அதனோடு ஒத்துவர வேண்டும்.

மும்பையில் இச்சோதனையைப் பூனையோடு நிறுத்திக் கொள்வது போதாது. கடற்கரை நகரின் ஈரப்பதத்தில் மெத்தைத் தூசியிலுள்ள உண்ணிகள் செழிக்கின்றன. மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களானாலும் தாராவிக் குடிசைகளானாலும் கரப்பான் பூச்சிக்குக் குறைவில்லை. அதன் எச்சமும் ஆஸ்துமாவைத் தூண்டும். செம்பூரின் தொழிற்சாலைப் புகை ஒவ்வாமைப் பொருள் அன்றாயினும், ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாயை மேலும் உறுத்தும். குற்றவாளி பலர் இருக்க, வாயில்லாப் பூனை ஒன்றே தண்டிக்கப்படுகிறது.

பூனைதான் என்று உறுதியானால்? படுக்கையறைக்குள் அதனை விடாதீர் என்று நூல்கள் கூறும். உள்ளதே ஓர் அறையெனில் இவ்வறிவுரை யாருக்கு? பூனையை வாயிற்படிக்கு வெளியே உறங்கப் பழக்கலாம். விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கலாம். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். தும்மலுக்கு செடிரிசின் போன்ற மாத்திரையும், மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானும் உதவும். ஆஸ்துமாவுக்கு அன்றாடம் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தே அடிப்படை. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தால் பெற்றோர் அதனை இடையில் நிறுத்துவதே பூனையைவிடப் பெருங்கேடு. ஒவ்வாமைத் தடுப்பூசி மருத்துவம் 3 முதல் 5 ஆண்டுகள் நீளும். கட்டுக்கடங்காத ஆஸ்துமா உள்ளோருக்கு அது ஏற்றதன்று. மருந்துகளுக்குப் பின்னும் கடும் இழுப்பு தொடருமாயின், பூனையைத் தெருவில் விடாமல் வேறொரு வீட்டில் சேர்ப்பதே முறை.

புறாவின் செய்தி வேறு. மாட்டுங்காவை அடுத்த தாதரில் புறாக்களுக்குத் தீனியிடும் இடத்தை மூடுவது குறித்து 2025இல் எழுந்த சர்ச்சையைப் பலர் அறிவர். புறாவின் எச்சமும் இறகுத் தூளும் நுரையீரலின் ஆழத்தில் அழற்சியை விளைவிக்கும். அங்கே தும்மல் இராது. வறட்டு இருமலும், படியேறினால் மூச்சு வாங்குதலும், உடல் மெலிவும் மெல்ல மெல்லத் தோன்றும். தோல் குத்துச் சோதனையில் இது புலப்படாது, நுரையீரல் சி.டி. படமும் மூச்சுத்திறன் சோதனையும் தேவை. பூனை விஷயத்தில் காத்திருக்கலாம். இங்கே, நோய் உறுதியானதும் புறாக்கூண்டை அன்றே அகற்ற வேண்டும். நுரையீரலில் விழுந்த தழும்பு பின்னர் மறைவதில்லை.