இத்தாலிய ஜாஸ் பாடகர் பிரெட் புஸ்காலியோனே

ஜாஸ் என்னும் சங்கீதம் அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றியது. தாளத்தைச் சற்றே நழுவவிட்டுப் பிடிப்பதும், வாசிக்கும்போதே புதிய கற்பனைகளைச் சேர்ப்பதும் அதன் இயல்புகள். மனோதர்ம சங்கீதத்தில் பழகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமன்று. அவ்விசையை இத்தாலிய மக்கள் தமதாக்கிக்கொண்ட வரலாற்றில் பிரெட் புஸ்காலியோனேக்குத் தனி இடம் உண்டு.

அவர் 1921 நவம்பர் 23ஆம் தேதி டூரின் நகரில் பிறந்தார். பதினொரு வயதில் அந்நகரத்து வெர்டி சங்கீதக் கலாசாலையில் சேர்ந்தார். ஆயினும் படிப்பை முடிக்கவில்லை. இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தே தொழில் கற்றார். 1938இல் லியோ கியோஸ்ஸோ என்ற சட்ட மாணவரின் நட்பு வாய்த்தது. பிற்காலத்தில் இவர் பாட்டெழுத, அவர் மெட்டமைப்பது வழக்கமாயிற்று.

அமெரிக்க இசையை அந்நாளைய பாசிச அரசு வெறுத்தது. பின்னர் மூண்ட உலக யுத்தம் நண்பர்களைப் பிரித்தது. புஸ்காலியோனே சார்டீனியாத் தீவில் அமெரிக்கரின் தடுப்பு முகாமில் அடைபட்டார். எந்த நாட்டின் இசையை விரும்பினாரோ, அந்த நாட்டவரிடமே கைதியானார்! அவருடைய திறமையைக் கண்ட நேச நாட்டினர், காலியாரி நகரில் தாம் நடத்திய வானொலியின் வாத்தியக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். கியோஸ்ஸோவோ போலந்துக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். நண்பர் உயிரோடிருக்கிறார் என்பதை அவர் அறிந்தது அந்த வானொலியின் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் என்பர்.

யுத்தம் முடிந்தபின் இருவரும் மீண்டும் கூடினர். 1951இல் சான்ரேமோ இசைவிழா தொடங்கிய அக்காலத்தில், உருக்கமான காதல் பாடல்களே இத்தாலியில் செல்வாக்குப் பெற்றிருந்தன. இவர்களோ வேறு வழியை வகுத்தனர். அமெரிக்கத் திரைப்படங்களில் வரும் கொள்ளைக் கூட்டத் தலைவனைப் போலத் தொப்பியும், மெல்லிய மீசையும், சிகரெட்டுமாகப் புஸ்காலியோனே மேடையேறினார். பாதி பேச்சும் பாதி பாட்டுமாகக் கதை சொன்னார். ஆனால் அந்த முரடன் கடைசியில் பெண்ணிடம் தோற்றுப்போவான். புகழ்பெற்ற ‘கே பாம்போலா’வில் அழகியின் பின்னே செல்பவன் அவளிடமே அடி வாங்குகிறான். மற்றொரு பாடலின் தலைப்போ, ‘தெரசா, சுடாதே’ என்று கெஞ்சுகிறது. வேடம் அமெரிக்காவினுடையது; வீறாப்பைத் தானே எள்ளி நகைக்கும் சுபாவம் இத்தாலிக்குரியது. இசைத்தட்டுகள் ஏராளமாக விற்பனையாயின; திரைப்பட வாய்ப்புகளும் தேடி வந்தன.

இக்கீர்த்தி நெடுநாள் நீடிக்கவில்லை. 1960 பிப்ரவரி 3ஆம் தேதி விடியற்காலையில், ரோமாபுரியில் அவருடைய மோட்டார் கார் ஒரு லாரியுடன் மோதியது. மாண்டபோது அவருக்கு வயது 38.

கியோஸ்ஸோ 2006 வரை வாழ்ந்தார். 1972இல் மீனா பாடிப் புகழ்பெற்ற ‘பரோலே பரோலே’ பாடலை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். நண்பர்கள் இருவரும் ஜாஸ் இசையை அமெரிக்காவிடமிருந்து பெற்றனர். ஆனால் அதில் தங்கள் மொழியில், தங்கள் ஊர்ச் சிரிப்பையே பாடினர். அதனால்தான் அவை இத்தாலியப் பாடல்களாகவே நிலைத்துவிட்டன.